சோலைவரிப் பத்திரமும் கவிஞனின் கதிரையும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இன்றைய எனது உரை இன்னொரு வானொலி உரையைப் பற்றியது. 1962ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி பி.பி.சி.யின் வேல்ஸ் நிலையம் தனது வருடாந்த விரிவுரையை ஒலிபரப்பியது. பேசியவர் சோன்டர்ஸ் லூயிஸ். நாடகாசிரியர், கவிஞர், விமர்சகர். வெல்ஷ் இலக்கியத்தில் இருபதாம் நூற்றாண்டின் பெரும் பெயர்களுள் ஒன்று. அப்போது அவருக்கு 68 வயது. இப்படிப்பட்ட ஒருவர் மைக்கின் முன் அமர்ந்தால் பழைய காவியங்களைப் பற்றியோ நாடகக் கலையைப் பற்றியோ பேசுவார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவர் பேசியதோ வரிப் பத்திரங்களைப் பற்றி, விண்ணப்பப் படிவங்களைப் பற்றி, அஞ்சல் அலுவலகத்து அறிவித்தல்களைப் பற்றி. உரையின் தலைப்பு ‘மொழியின் தலைவிதி’. போகிற போக்கிலேயே போனால் இருபத்தோராம் நூற்றாண்டு தொடங்கும்போது வெல்ஷ் ஒரு பேச்சு மொழியாக இராது என்பது அவர் சொன்ன செய்தி.

அந்த உரையை நான் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தவன். ஒரு மொழியைக் காப்பது எப்படி என்று எத்தனையோ மேடைகளில் கேட்ட பேச்சுகளிலிருந்து அது வேறுபட்டிருந்தது. மொழியின் தொன்மையைப் போற்றி மகிழ அதில் இடமே இல்லை. ஏன் ஒரு இலக்கியவாதி இப்படிப் பேச நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள, நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

வேல்ஸ், இங்கிலாந்தின் மேற்குத் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய மலைநாடு. ‘வெல்ஷ்’ என்ற பெயரே அயலார் இட்டது. பழைய ஜெர்மானிய மொழிகளில் அதன் வேர்ச்சொல்லுக்கு அந்நியன் என்று பொருள். சொந்த மண்ணில் இருந்தபடியே அந்நியரென்று அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். தங்களைத் தாங்கள் அழைக்கும் பெயரான ‘கம்ரி’ என்பதற்கோ ஒரே நாட்டவர் என்று பொருள். 1536ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் நிறைவேறிய சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தது. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்றும், வெல்ஷ் மட்டும் பேசுவோர் அரச பதவி வகிக்கலாகாது என்றும் அதிலே எழுதினார்கள். மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வேறு மொழியே தெரியாத காலம் அது.

அத்தனைக்குப் பிறகும் மொழி உயிரோடிருந்தது என்றால் அதற்கு ஒரு புத்தகம் முக்கிய காரணம். 1588இல் வில்லியம் மோர்கன் என்ற குரு வேதாகமத்தை முழுமையாக வெல்ஷில் பெயர்த்து அச்சேற்றினார். வேதாகம மொழிபெயர்ப்பு ஒரு மொழியின் உரைநடைக்கு என்ன செய்யும் என்பது பேர்சிவல் பாதிரியாரையும் நாவலரையும் அறிந்த யாழ்ப்பாணத்தவருக்குப் புதிய செய்தி அல்ல. வேல்ஸில் அதன் விளைவு இன்னும் ஆழமானது. அரசமன்றத்திலிருந்து துரத்தப்பட்ட மொழி ஆலய மேடையில் ஏறிக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிறிஃபித் ஜோன்ஸ் என்ற குருவானவர் ஒரு காரியம் செய்தார். கட்டடம் கட்டிப் பாடசாலை நடத்தப் பணமில்லை. ஆகவே ஆசிரியரை ஊர் ஊராக அனுப்பினார். பயிர்வேலை இல்லாத குளிர்காலத்தில் ஓர் ஊரில் சுமார் மூன்று மாதம், பிறகு அடுத்த ஊர். பகலில் சிறுவர், இரவில் வேலை முடித்துவந்த பெரியவர். 1761இல் அவர் இறப்பதற்குள் இப்படி 3000-க்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்திருந்தன. கற்பித்தது வாசிப்பு ஒன்றையே, அதுவும் தாய்மொழியில். ஐரோப்பாவின் வறிய மூலைகளில் ஒன்று, எழுத்தறிவு மிக்க நாடுகளில் ஒன்றாக மாறியது இப்படித்தான். பின்னாளில் கவிதை எழுதிய சுரங்கத் தொழிலாளியையும் இடையனையும் உண்டாக்கியது இந்த நடமாடும் பள்ளிதான் என்பேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வேறு கதை. 1846இல் அரசாங்கம் வேல்ஸின் கல்வி நிலையை ஆராய மூன்று ஆணையாளர்களை அனுப்பியது. மூவரும் ஆங்கிலேயர். ஒருவருக்கும் வெல்ஷ் தெரியாது. ஆங்கிலம் தெரியாத குழந்தைகளிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுவிட்டு, அவை விழித்ததைக் கண்டு மக்கள் அறியாமையில் மூழ்கியிருக்கிறார்கள் என்று எழுதினார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒழுக்கத்துக்கும் முன்னேற்றத்துக்கும் அவர்களது மொழியே தடை என்றும் எழுதினார்கள். நீல அட்டையோடு வந்த அந்த அறிக்கையை வெல்ஷ் மக்கள் இன்றும் ‘நீலப் புத்தகங்களின் துரோகம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அதே நூற்றாண்டில் பல பள்ளிகளில் ‘வெல்ஷ் நொட்’ என்ற தண்டனை இருந்தது. வெல்ஷ் பேசி அகப்பட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அந்தப் பிள்ளை, வெல்ஷ் பேசும் வேறொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் மரத்துண்டு கைமாறும். மாலையில் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. அடியைவிட அந்தக் காட்டிக்கொடுத்தல்தான் கொடியது என்று எனக்குத் தோன்றுகிறது. தன் மொழியில் பேசும் தோழனை ஒற்றுக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்கிய ஏற்பாடு அது.

இதிலிருந்து தப்பியோட முயன்றவர்களும் உண்டு. 1865இல் ‘மிமோசா’ என்ற கப்பலில் ஏறத்தாழ 150 பேர் லிவர்பூலிலிருந்து புறப்பட்டு, தென்னமெரிக்காவின் தென்கோடியில் பட்டகோனியாவில் இறங்கினார்கள். ஆங்கிலம் எட்டாத ஓர் இடத்தில் தம் மொழியிலேயே வழிபட்டு, தம் மொழியிலேயே சபை கூட்டி வாழலாம் என்பது கனவு. இறங்கிய இடமோ வரண்ட பூமி. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த தெஹுவெல்சே பழங்குடியினர் வேட்டையாடக் கற்றுக்கொடுத்திராவிட்டால் பலர் பட்டினியால் மாண்டிருப்பார்கள். (அந்தப் பழங்குடியினரின் மொழி பின்னர் அழிந்துபோனதை வெல்ஷ் குடியேற்றத்தின் வீரகதைகள் அதிகம் சொல்வதில்லை.) வாய்க்கால் வெட்டிக் கோதுமை விளைவித்தார்கள், ஊர்கள் எழுந்தன. ஆனால் ஆங்கிலத்திலிருந்து தப்பியவர்களை ஸ்பானிய மொழி பிடித்துக்கொண்டது. ஆர்ஜன்டீன அரசின் பாடசாலை வந்தது. பிற குடியேற்றவாசிகள் வந்தார்கள். இருந்தாலும் சுபூட் பள்ளத்தாக்கில் வெல்ஷ் இன்னும் முற்றாக மறையவில்லை. 1997 முதல் வேல்ஸிலிருந்து ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டு வருகிறார்கள்.

இனி, இலக்கிய நேயர்களுக்கு மிகவும் உவப்பான பகுதிக்கு வருகிறேன். வேல்ஸில் ‘ஐஸ்டெத்வொட்’ என்றொரு விழா உண்டு. அமர்தல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த பெயர். 1176இல் கார்டிகன் கோட்டையில் ரீஸ் பிரபு புலவரையும் இசைவாணரையும் கூட்டிப் போட்டி வைத்து வென்றவருக்கு ஆசனம் அளித்ததை அதன் முதல் நிகழ்வாகக் கூறுவர். இன்றைய வடிவிலான தேசிய விழா 1861 முதலானது. ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும், ஒரு வருடம் வடக்கில், மறு வருடம் தெற்கில் என்று நாட்டைச் சுற்றி வரும். 1950 முதல் விழா மேடையில் வெல்ஷ் தவிர வேறு மொழிக்கு இடமில்லை.

விழாவின் உச்சம், மரபுக் கவிதைக்கு வழங்கப்படும் கதிரை. பரிசுப் பொருளே அதுதான். ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் செதுக்கப்படும் ஓர் ஆசனம். புதுக்கவிதைக்குக் கிரீடம் உண்டு என்றாலும், கதிரையின் மதிப்புத் தனி. அதற்கு எழுதுபவர் ‘கங்ஹனெத்’ என்னும் ஒலியிலக்கணத்தில் தேர்ந்திருக்க வேண்டும். நமது எதுகை, மோனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டு இன்னும் இறுக்கம். அதன் ஒரு வகையில், அடியின் முற்பாதியில் வருகின்ற மெய்யொலிகள் அதே வரிசையில் பிற்பாதியிலும் வர வேண்டும். உயிரொலிகள் மாறலாம். வேறொரு வகையில் உள்ளெதுகையும் சேர்ந்துகொள்ளும். இத்தனை தளைகளோடு நூற்றுக்கணக்கான அடிகள் எழுத வேண்டும். வெண்பாவில் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்ன நம் பழைய புலவர்கள் இவர்களைக் கண்டால் உடனே உறவு கொண்டாடியிருப்பார்கள்.

எல்லாரும் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். தகுதியான கவிதை வராத ஆண்டில் கதிரையை எவருக்கும் கொடுப்பதில்லை. முடிவு அறிவிக்கும் நேரம் மண்டபம் இருளும். வென்ற புனைபெயரைக் கூவியழைத்து, அதற்குரியவர் எழுந்து நிற்கட்டும் என்பார்கள். ஆயிரக்கணக்கானோர் நடுவே எங்கோ ஒருவர் எழுவார். ஒளிவட்டம் அவரைத் தேடிப் போகும். பிறகு தலைமைப் புலவர், உறையிலிருந்து பாதி உருவிய வாளைப் பிடித்துக்கொண்டு, அமைதி உண்டா என்று மூன்று முறை கேட்பார். அமைதி என்று சபை மூன்று முறை முழங்கும். அதன் பின்தான் கவிஞர் அமரலாம்.

இந்தச் சடங்குகளைப் பார்ப்போர் இவை ஆதி காலத்தவை என்றே எண்ணுவர். உண்மையில் இவற்றில் பலவற்றை இட்டுக்கட்டியவர் யோலோ மொர்கானுக் என்ற கல்தச்சர். 1792இல் லண்டன் நகரத்துப் பிரிம்ரோஸ் குன்றில் சிறு கற்களை வட்டமாக வைத்து, இதுவே பழைய துரூயிதுப் புலவர் சபை என்று நடத்திக் காட்டினார். பழம்புலவர் பெயரால் தாமே கவிதைகள் எழுதிச் சுவடிகளில் புகுத்தியவரும் அவரே. அறிஞர்கள் அந்த மோசடியைக் கண்டுபிடிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. கண்டுபிடித்த பிறகும் விழாவினர் சடங்கைக் கைவிடவில்லை! எனக்கு இதில் ஆட்சேபணை கிடையாது. மரபு என்று நாம் கைதொழும் பலவற்றின் வயதைத் தோண்டிப் பார்த்தால் இருநூறு வருடத்தைத் தாண்டாது. இந்த மனிதர் திருடவில்லை. தாம் எழுதிய நல்ல கவிதைகளைப் பிறருக்குத் தானம் செய்தார் என்று வைத்துக்கொள்வோமே.

ஒரேயொரு ஆண்டின் விழாவை மட்டும் தனியே சொல்ல வேண்டும். 1917 செப்டெம்பர் 6ஆம் திகதி. அந்த ஆண்டு விழா நடந்தது பேர்க்கன்ஹெட் என்ற இங்கிலாந்து நகரத்தில். பிரதமர் லொயிட் ஜோர்ஜும் வந்திருந்தார். வென்றவரின் புனைபெயரை அழைத்தார்கள். எவரும் எழவில்லை. மீண்டும் அழைத்தார்கள். பிறகுதான் செய்தி அறிவிக்கப்பட்டது. அந்தக் கவிஞர் ஹெத் வின். இயற்பெயர் எல்லிஸ் எவன்ஸ். ட்ரவ்ஸ்வனித் ஊரின் மலைத்தோட்டத்தில் ஆடு மேய்த்தவர். விழாவுக்கு ஐந்து வாரம் முன்னதாக, ஜூலை 31ஆம் திகதி, பெல்ஜியத்துப் போர்க்களத்தில் கொல்லப்பட்டிருந்தார். வெறுமையாக இருந்த கதிரையின் மீது கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். அந்தக் கதிரையைச் செதுக்கிய கைவினைஞர் பெல்ஜியத்திலிருந்து போருக்குத் தப்பி வந்த ஓர் அகதி என்பது இந்தக் கதையின் இன்னொரு பக்கம். தன் மண்ணில் இறந்துகொண்டிருந்த அந்நியனுக்காகவென்றே அவர் அறியாமல் உளி பிடித்திருக்கிறார். கதிரை இன்றும் கவிஞரின் வீட்டிலே இருக்கிறது. அவருடைய வாழ்க்கையை வைத்து 1992இல் எடுத்த வெல்ஷ் மொழித் திரைப்படம் ஒஸ்கார் பரிந்துரை வரை சென்றது.

இப்படியொரு விழாவும் இப்படிப்பட்ட கவிஞர்களும் உள்ள மொழிக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் சோன்டர்ஸ் லூயிஸின் உரைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஹெத் வின் இறப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன், 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், வெல்ஷ் பேசியோர் 9 இலட்சத்து 77 ஆயிரம் பேர். சனத்தொகையில் நூற்றுக்கு 43 பேருக்குச் சற்று மேல். 1961இல் அது நூற்றுக்கு 26. இந்த ஐம்பது ஆண்டுகளும் இலக்கியத்தைப் பொறுத்தவரை வறட்சிக் காலமா என்றால், இல்லவே இல்லை. கேற் றொபர்ட்ஸ் கல்லுடைக்கும் ஊர்களின் வறுமையைச் சிறுகதைகளாக எழுதியது, லூயிஸ் தம் சிறந்த நாடகங்களை எழுதியது எல்லாம் இந்தக் காலத்தில்தான். கவிதை வளர்ந்தது, பேசுவோர் தொகை சரிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கக்கூடியவை என்பதை நம்மைப் போன்ற இலக்கியப் பிரியர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம்.

லூயிஸ் தமது உரையில் எடுத்துக்காட்டியது ஒரு கவிஞரை அல்ல, ஒரு தம்பதியை. லான்கென்னெக் என்ற கிராமத்தில் டிரெவோர் பீஸ்லி என்ற சுரங்கத் தொழிலாளியும் அவரது மனைவி ஐலீனும் வாழ்ந்தனர். 1952இல் அவர்களுக்குச் சோலைவரி கட்டுமாறு பத்திரம் வந்தது, ஆங்கிலத்தில் மட்டும். வெல்ஷிலும் அனுப்பினால் கட்டுகிறோம் என்று எழுதிப் போட்டார்கள். அந்தப் பகுதியில் பெரும்பாலோர் வெல்ஷ் பேசுவோர். சபையின் அங்கத்தவர்களும் அப்படியே. ஆனாலும் சபை மறுத்தது. வழக்கு, வழக்கின்மேல் வழக்காகப் பன்னிரண்டுக்கு மேற்பட்ட தடவைகள் நீதிமன்றம் ஏறினார்கள். அமீனாக்கள் வந்து வீட்டிலிருந்த பியானோவையும் பிற தளபாடங்களையும் தூக்கிப் போனார்கள், மறுபடி வந்தார்கள், மீதியையும் கொண்டுபோனார்கள். எட்டு ஆண்டுகள் கழிந்து 1960இல் இரு மொழிகளிலும் அச்சிட்ட வரிப் பத்திரம் ஒன்று அந்த வீட்டுக்கு வந்தது.

ஒரு படிவம் என்ன மொழியில் வருகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த நாட்டு நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தனக்கு வந்த அரசாங்கக் கடிதத்தைத் தானே வாசிக்க முடியாமல் வாசித்துச் சொல்ல ஆள் தேடிய தகப்பன்மாரை நம்மில் எத்தனையோ பேர் அறிவோம். தமிழும் அரச கருமமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதிய பின்னும் அந்தத் தேடல் அடியோடு நின்றதாகச் சொல்ல மாட்டேன்.

லூயிஸ் கேட்டது இதைத்தான். பீஸ்லி தம்பதியர் தனியாகச் செய்ததை நாடு சேர்ந்து செய்யட்டும். வெல்ஷ் பேசுவோர் கணிசமாக வாழும் பகுதிகளில், அந்த மொழி இல்லாமல் அரச அலுவலோ சபை அலுவலோ நடக்க முடியாது என்ற நிலையை உண்டாக்குங்கள் என்றார். மொழியை மீட்பது ஒரு புரட்சிக்குச் சமம் என்பது அவர் கருத்து. சுயாட்சியைவிட மொழியே முதலில் வேண்டும் என்பதும் அவர் கருத்து. இத்தனைக்கும் இவர் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தில். 1936இல் பெனிபெர்த் என்ற இடத்தில் விமானப்படை அமைத்துக்கொண்டிருந்த குண்டுவீச்சுப் பயிற்சி நிலையத்துக்கு, இரு நண்பர்களோடு சேர்ந்து தீ வைத்துவிட்டு, நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய் நாங்கள்தான் வைத்தோம் என்று சொன்ன மனிதர். சிறையும் சென்றார்; பல்கலைக்கழக வேலையையும் இழந்தார். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல. அவர் தம்மைப் பற்றி வருந்தி எழுதவில்லை என்பதை மட்டும் மதிக்கிறேன்.

உரை காற்றோடு போகவில்லை. அதே 1962 ஓகஸ்டில் இளைஞர்கள் வெல்ஷ் மொழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1963 பெப்ரவரி 2ஆம் திகதி அபரிஸ்ட்வித் நகரத்தில் அஞ்சல் அலுவலகச் சுவரில் சுவரொட்டி ஒட்டிவிட்டு, ட்ரெவெக்கன் பாலத்தின் நடுவே உட்கார்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். வேண்டுமென்றே அகப்பட்டு, தங்களுக்கு வெல்ஷ் மொழியில் நீதிமன்ற அழைப்பாணை வர வேண்டும் என்பது திட்டம். அழைப்பாணை கேட்டுச் செய்த மறியல் உலகில் வேறெங்கும் நடந்திருக்கிறதா, தெரியவில்லை. பிறகு வீதிப் பலகைகளின் முறை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பலகைகளைப் பச்சைச் சாயத்தால் பூசினார்கள், கழற்றினார்கள், பலர் சிறை சென்றார்கள். 1967, 1993ஆம் ஆண்டுகளின் சட்டங்களும், வெல்ஷுக்கு உத்தியோக மொழி என்ற தகுதியை அளித்த 2011ஆம் ஆண்டுச் சட்டவாக்கமும் இந்த வழியில் வந்தவை.

தொலைக்காட்சிக் கதை சுருக்கமானது. தனி வெல்ஷ் அலைவரிசை தருவோம் என்று 1979 தேர்தலில் வாக்களித்த கட்சி, பதவிக்கு வந்ததும் மறந்தது. குவின்வோர் எவன்ஸ் என்ற மூத்த அரசியல்வாதி 1980 ஒக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். அந்தத் திகதிக்கு மூன்று வாரம் இருக்கையில் மார்கரட் தட்சரின் அரசாங்கம் இறங்கிவந்தது. 1982 நவம்பர் 1ஆம் திகதி அலைவரிசை தொடங்கியது.

பாடசாலைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லலாம். 1939இல் அபரிஸ்ட்வித்தில் முதலாவது வெல்ஷ் மொழிமூல ஆரம்பப் பாடசாலை தொடங்கியபோது மாணவர் ஏழு பேர். பெற்றோர் தாங்களே நடத்திய தனியார் பள்ளி அது. கழுத்தில் மரத்துண்டு தொங்கிய நாட்டில், அந்த ஏழு பேருக்குப் பின் நூற்றுக்கணக்கான வெல்ஷ் பாடசாலைகள் வந்தன. இன்று தலைநகர் கார்டிஃப்பில், தமக்கு வெல்ஷ் தெரியாத பெற்றோரும் பிள்ளைகளை அங்கே சேர்க்கிறார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2008இல் சுவான்சி நகரத்தில் ஒரு வீதிப் பலகை வேண்டியிருந்தது. ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். உடனே வெல்ஷில் பதில் வந்தது. அதை அப்படியே பெரிய எழுத்தில் பலகையாக்கி நட்டார்கள். வீதியால் போன வெல்ஷ் மக்கள் வாசித்தது, தற்சமயம் நான் கந்தோரில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள் என்பதை! நம் ஊர்ப் பேருந்துகளிலும் பெயர்ப் பலகைகளிலும் தமிழ் படும் பாட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இதில் சிரிப்பும் வரும், சிரிப்போடு வேறொன்றும் வரும்.

லூயிஸின் எதிர்வுகூறல் பலிக்கவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்தபோது வெல்ஷ் உயிருள்ள மொழியாகவே இருந்தது. 2001இல் விகிதம் 20.8 ஆக ஏறவும் செய்தது. ஆனால் 2021இல் 17.8, தொகை 5 இலட்சத்து 38 ஆயிரம். குடிசன மதிப்பீட்டில் பதிவான மிகக் குறைந்த விகிதம் இது. 2050க்குள் பத்து இலட்சம் பேர் என்று வேல்ஸ் அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. படிவம் உண்டு, பலகை உண்டு, அலைவரிசை உண்டு, சட்டம் உண்டு. பிறகும் ஏன் இந்தச் சரிவு?

பாடசாலையில் கற்ற மொழி வீட்டுக்கு வருவதில்லை என்பது ஒரு பதில். என்னை அதிகம் உறுத்துவது இரண்டாவது பதில்: ஊர் போய்விடுகிறது. முன்பு அது வெளிப்படையாகவே நடந்தது. ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கப்பெல் கெலின் என்ற வெல்ஷ் கிராமம் இருந்தது. லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டுமென்று 1957இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. வேல்ஸின் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1965இல் தேவாலயம், பாடசாலை, அஞ்சல் அலுவலகம், பன்னிரண்டு வீடுகள் யாவும் நீருக்குள் போயின. ட்ரவெரினை மறவாதீர் என்று ஓர் இலக்கியவாதி கடலோர வீதியருகே இடிந்த சுவர் ஒன்றில் வெள்ளைச் சாயத்தால் எழுதினார். வெல்ஷைப் புதிதாகக் கற்றவர். புணர்ச்சி விதி ஒன்றைத் தவறவிட்டுவிட்டார். பின்னால் எழுத்து மங்கும்போதெல்லாம் திரும்பப் பூசியவர்கள் இலக்கணத்தையும் திருத்தினார்கள். 2019இல் யாரோ அந்தச் சுவரைச் சேதப்படுத்தியபோது, அதே வாசகம் நாடெங்கும் சுவர்களில் முளைத்தது.

இப்போது கிராமங்களை நீர் மூடுவதில்லை. கடலோரத்து அழகிய ஊர்களில் வெளியூர்க்காரர் விடுமுறைக்கென்று வீடு வாங்குகிறார்கள். விலை ஏறுகிறது. வெல்ஷ் பேசும் இளம் தம்பதியருக்குச் சொந்த ஊரில் வீடு எட்டாததாகிறது. கோடையில் விளக்கு எரிந்து மாரியில் இருண்டு கிடக்கும் வீடுகள். நூற்றுக்கு 64 பேர் வெல்ஷ் பேசும் குவினெத் மாவட்டத்தில், இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகளுக்குச் சபை மேலதிக வரி விதிக்கிறது. அந்த வரிப் பத்திரம் இரு மொழிகளிலும்தான் போகிறது.

இவ்வளவும் கேட்டபின், கவிஞர்களால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரு எதிர்க்கேள்வி உண்டு. ஒரு துண்டுக் காகிதத்துக்காகத் தன் பியானோவைத் தூக்கிக் கொடுக்க ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு மனம் எங்கிருந்து வந்தது? ஆலயத்திலும் விழாக் கூடாரத்திலும் வீட்டிலும் தங்கள் மொழியில் எல்லாம் சொல்ல முடியும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். பாட்டெழுதவும் தொழவும் போதுமான மொழி வரி கட்ட மட்டும் ஏன் போதாது என்ற கேள்வி அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பிறக்கும். தன் மொழியில் ஒரு நல்ல கவிதையையும் கேட்டிராதவன் ஆங்கிலப் பத்திரத்துக்குக் காசைக் கட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பான்.

வேல்ஸ் வானொலியில் 1979 முதல் ஒலிபரப்பாகி வரும் நிகழ்ச்சி ஒன்றோடு முடிக்கிறேன். பெயரைத் தமிழாக்கினால் ‘கவிஞர்களின் சேவற்களம்’ என்று வரும். ஊருக்கு ஒரு அணி. அணிக்குச் சில பேர். கமக்காரரும் ஆசிரியரும் இருப்பார்கள், வக்கீலும் இருப்பார். கொடுத்த பொருளில், கொடுத்த யாப்பில் கவிதை சொல்ல வேண்டும். நகைச்சுவைப் பாட்டும் உண்டு. நடுவர் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்; அரைப் புள்ளியால் தோற்ற அணிகள் உண்டு. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த ஆசனத்தில் இருந்தவர் ஜெரல்ட் லொயிட் ஓவன் என்ற பெரும் கவிஞர். நடுவரை அங்கே ‘மெய்ரின்’ என்று அழைக்கிறார்கள். அது பழைய சொல் அல்ல. முன்னொரு காலத்தில் இத்தகைய வானொலிப் போட்டிகளுக்கு நடுவராக இருந்த ஒரு கவிஞரின் புனைபெயர் அது. கேட்டுக் கேட்டு, அந்தப் பெயரே நடுவர் என்ற பொருளில் பொதுச்சொல்லாகிவிட்டது. அதிலிருந்து ஒரு வினைச்சொல்லும் பிறந்திருக்கிறது.